படம் போடுகிறவரும் கணக்குப் பார்க்கிறவரும்

அன்புள்ள ஐயாவுக்கு,

கிளிநொச்சியில் பொறியியல் பீடத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஊர் கோண்டாவில். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். பாராளுமன்றம் பாவா கட்டியது, பெந்தோட்டை ஹோட்டல் பாவா கட்டியது என்று அடுக்கிக்கொண்டே போகிறீர்கள். ஆனால் அந்த வேலைகளெல்லாம் ‘எட்வர்ட்ஸ், ரீட் அன்ட் பெக்’ என்ற நிறுவனத்தின் பெயரில் நடந்தவை. அந்த மூன்று பேரும் யார்? அங்கே பூலோகசுந்தரம் என்றொரு பொறியியலாளர் பங்காளியாக இருந்திருக்கிறார். அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? படம் போடுகிறவருக்குப் பெயர், கணக்குப் பார்க்கிறவருக்குச் சம்பளம் மட்டும்தானா?

இப்படிக்கு,
பெயர் வேண்டாமென்று கேட்கும் ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

நல்ல உதை. வாங்கிக்கொண்டேன்.

அந்த மூன்று பேரும் வெள்ளைக்காரர் காலத்தில் கொழும்பில் தொழில் நடத்தியவர்கள். நிறுவனம் 1920களில் தொடங்கியது. சட்டம் படித்து, அதில் மனம் ஒட்டாமல், பெந்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தை வாங்கித் திருத்திக்கொண்டிருந்த பாவா, 1950களின் தொடக்கத்தில் ரீட்டிடம்தான் தொழில் பழகப் போனார். அப்போது பங்காளிகளில் மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவரே. 1952இல் அவரும் இறந்துவிட்டார். பாவா லண்டன் போய் முறையாகப் படித்து, 38 வயதில் தகுதி பெற்றுத் திரும்பி வந்து, எஞ்சிக் கிடந்த நிறுவனத்தைக் கையில் எடுத்தார். பலகையில் பழைய பெயரே இருந்தது. எங்கள் ஊரில் தாத்தா திறந்த கடைக்குப் பேரன் பெயர் மாற்றமாட்டான் அல்லவா? வாடிக்கையாளர் ஓடிவிடுவார்கள் என்ற பயம்.

ஆனால் உள்ளே எல்லாம் மாறியது. டென்மார்க்கில் இருந்து வந்த உல்ரிக் பிளெஸ்னர் சேர்ந்தார். லக்கி சேனாநாயக்க, இஸ்மத் ரஹீம் போன்ற இளம் பெடியள் வரைய வந்தார்கள். அவர்கள் கை பட்ட வரைபடங்களைப் பார்த்திருக்கிறீர்களா? சுவரை ஒரு கோடாகப் போட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கிற மரத்தை இலை இலையாக வரைந்திருப்பார்கள். பிற்காலத்தில் பாராளுமன்றச் சபா மண்டபத்தில் தொங்குகிற வெள்ளி ஓலை விளக்கைச் செய்ததும் அதே லக்கிதான்.

அந்தக் காலத்தில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. கண்ணாடியும் இரும்பும் நினைத்தபடி வாங்க முடியாது. ஆகவே உள்ளூர் மரம், கல், மண் ஓடு. இதில் ஒரு சின்ன வேலையைச் சொல்ல வேண்டும். அரைவட்ட நாட்டு ஓடு இருக்கிறதே, எங்கள் பக்கம் பீலி ஓடு என்போம், பார்க்க அழகு. ஆனால் ஒரு காகம் நடந்தாலே நகரும், மழைக்கு ஒழுகும். நெளி சீமெந்துச் சீற் ஒழுகாது, ஆனால் பார்க்கச் சகிக்காது, வெயிலுக்கு அடுப்பு. இந்த நிறுவனம் சீற்றைக் கீழே போட்டு, அதன் நெளிவுகளில் படியும்படி பீலி ஓட்டை மேலே அடுக்கியது. ஒழுக்கும் இல்லை, சூடும் குறைவு, வெளியே நின்று பார்த்தால் பழைய வீடு. பிறகு நாடு முழுக்க அதைப் பார்த்துச் செய்தார்கள். இதைக் கலை என்பதா, பொறியியல் என்பதா? நீங்களே உங்கள் விரிவுரையாளரிடம் கேளுங்கள்.

பிளெஸ்னர் 1967இல் போய்விட்டார். அந்த இடத்துக்குத்தான் கலாநிதி கே. பூலோகசுந்தரம் வருகிறார். கூட்டு ஏறத்தாழ 20 வருடம் நீடித்தது. பாவா களத்தில் நின்று மனம் மாற்றுகிற ஆள். இந்தச் சுவர் அங்கே போகட்டும், அந்த மரம் நிற்கட்டும் என்பார். அப்படிச் சொன்ன பிறகும் கட்டடம் நிற்க வேண்டும், காசுக் கணக்கு உதைக்கக் கூடாது, சொன்ன தேதிக்கு முடிய வேண்டும். இதையெல்லாம் ஒருவர் பார்த்திருக்க வேண்டும்தானே? மதுரையில் கல்தூண்களை வைத்துக் கட்டிய கிளப்பும், கொழும்பில் குளிரூட்டியை நம்பாமல் காற்று ஊடாடும்படி எழுப்பிய 12 மாடி அரச ஈட்டு வங்கியும் இந்தக் கூட்டின் காலத்தவைதான்.

பாராளுமன்றம் ஜெயவர்த்தனபுரக் கோட்டையில் சதுப்பு நிலத்தைத் தோண்டி ஏரியாக்கி, நடுவில் தீவாக விட்ட மேட்டில் கட்டியது. 1979இல் வேலை கொடுத்தார்கள், 1982 ஏப்ரலில் திறந்தார்கள். இதை எழுதும்போது எனக்கு வேறொன்றும் ஞாபகம் வரும். அங்கே செப்புக் கூரை ஏறிக்கொண்டிருந்த 1981இல்தான் இங்கே எங்கள் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. திறந்து ஒன்றரை வருடத்தில், 1983 ஓகஸ்டில், அதே மண்டபத்தில், தனிநாடு கேட்கமாட்டோம் என்று சத்தியம் செய்யச் சொன்ன அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் நிறைவேறி, எங்கள் தமிழ் உறுப்பினர்கள் ஆசனம் இழந்தார்கள். அந்தக் கட்டடத்தின் பொறியியல் பங்காளி ஒரு தமிழர். சரி, இது கட்டடத்தின் குற்றமில்லை. விடுவோம்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு என் வீட்டுக் கதையைத்தான் சொல்ல வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடம் முந்தி, பாவாப் பைத்தியம் முற்றிய நாட்களில், கொக்குவிலில் ஒரு சின்ன வீடு கட்டினேன். நடுவில் முற்றம், நாலு பக்கமும் உள்நோக்கிச் சரியும் கூரை. படம் அழகாக இருந்தது. வரைந்தவர் பெயர் வேண்டாம், பாவம். இஞ்சினியர் ஒருவரிடமும் காட்டுவோம் என்று மனைவி சொன்னா. இத்தனை சின்ன வீட்டுக்கு இஞ்சினியரோ என்று சிரித்தேன்.

கார்த்திகை மழை வந்தது. முற்றமும் உள்ளே சரியும் கூரையுமாக 600 சதுர அடி. ஒரு மணித்தியாலத்தில் 2 அங்குலம் பெய்தால் 100 கன அடி, அதாவது 2,800 லீற்றர் அளவு தண்ணீர். வெளியேற ஒரேயொரு 2 அங்குலக் குழாய், அதன் வாயில் வேப்பஞ்சருகு. விறாந்தையும் முற்றமும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். கணுக்கால் அளவு தண்ணீர் விறாந்தையைத் தாண்டி அறைக்குள் வந்தது. அரிசி மூட்டையைத் தூக்கவா புத்தகங்களைத் தூக்கவா என்று தெரியாமல் ஓடித் திரிந்தோம்.

மறுநாள் ஒரு வயதான மேசனார் வந்து பார்த்தார். “உங்கடை அம்மம்மா வீட்டு நாற்சார் முத்தம் எவ்வளவு பதிவு தெரியுமோ?” என்று கேட்டார். விறாந்தையை விட முழங்கால் அளவு பதிந்திருக்கும். விறாந்தைக்கு அடியால் வளவுக்குப் போகிற வாய்க்காலுக்குள் பூனை புகுந்து போகும். சின்ன வயதில் அதற்குள் பந்து உருட்டி விளையாடியிருக்கிறேன். எதற்காக அங்கே வாய்க்கால் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

அன்றைக்கு விளங்கியது. பாவாவின் கட்டடங்களில் நான் பார்த்தது முற்றத்தை மட்டும். அதில் விழுந்த தண்ணீர் எங்கே போனது என்று பார்க்கவில்லை. உங்கள் கடிதத்தை வாசித்தபோது அந்தக் கட்டுரையிலும் அதையே செய்திருக்கிறேன் என்று தெரிந்தது. ஒரு நிறுவனத்தின் வேலையை ஒரு ஆளின் மேதைமையாக எழுதிவிட்டேன். பாவா பெரிய ஆள்தான், அதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் தனி ஆள் இல்லை.

கொழும்புக்குப் போனால் அல்பிரட் ஹவுஸ் வீதியில் கலரி கஃபே என்றொரு இடம் இருக்கிறது. அதுதான் அவர்களுடைய பழைய அலுவலகம். கோப்பி விலை மாணவருக்குக் கட்டாது, ஒருநாள் மட்டும் பரவாயில்லை. மழை நாளாகப் பார்த்துப் போங்கள். கூரையில் இருந்து இறங்குகிற தண்ணீரைக் கண்ணால் தொடர்ந்து, எந்த வழியால் வெளியேறுகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். என் வீட்டில் இப்போது 4 அங்குலக் குழாய், இரண்டு.

அன்புடன்.