பிராக் போகிறவர்களுக்கு: கடிகாரம், கோட்டை, கொருனா

செக் நாட்டின் தலைநகர் பிராகுக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் சுற்றிக் காட்டும் வேலை என் தலையில்தான் விழும். "கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்" என்று வாய் தவறிச் சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

திருச்சியிலிருந்து: அக்கா, வியன்னாவில் மூன்று நாள் இருந்துவிட்டு ரயிலில் பிராக் வருகிறோம். இரண்டு முழு நாள்தான் கையில் இருக்கிறது. போதுமா?

போதும், பட்டியலைச் சுருக்கினால். வியன்னாவிலிருந்து ரயில் சுமார் நான்கு மணி நேரம். ஒரு நாள் ஆற்றின் இந்தக் கரை: பழைய நகரச் சதுக்கம், கடிகாரம், யூதர் பகுதி. மறுநாள் அந்தக் கரை: கோட்டை, அதன் கீழே உள்ள தெருக்கள். நடுவில் சார்லஸ் பாலம். அதை மட்டும் இரண்டு தடவை பாருங்கள், ஒரு தடவை விடிவதற்கு முன்பு. பகல் பதினொரு மணிக்குப் போனால் பாலமும் தெரியாது, ஆறும் தெரியாது. முன்னால் போகிறவரின் முதுகுப்பைதான் தெரியும். பெட்ரின் குன்றின் மேல் ஈஃபிள் கோபுரத்தின் சாயலில் 1891-இல் கட்டிய கோபுரம் ஒன்று இருக்கிறது. நேரம் இல்லையென்றால் அதை விட்டுவிடலாம், குறை ஒன்றும் வராது.

சென்னையிலிருந்து ஒரு பெரியவர்: அம்மா, போன மாதம்தான் வந்துவிட்டுப் போனேன். கடிகாரத்தின் முன்னால் அரை மணி நேரம் நின்றோம். எலும்புக்கூடு கயிற்றை இழுத்தது, ஜன்னலில் பொம்மைகள் வந்து போயின, சேவல் கூவியது. ஒரு நிமிடம்கூட இல்லை. இதற்கா இவ்வளவு கூட்டம்?

சார், உங்கள் ஏமாற்றம் நியாயம்தான். ஆனால் நீங்கள் பார்த்தது வாசலில் கட்டிய தோரணத்தை மட்டும். இயேசுவின் பன்னிரண்டு சீடர்களின் பொம்மைகள் பிற்காலத்தில் சேர்த்தவை. 1945 மே மாதம் ஜெர்மன் படைகளின் தாக்குதலில், கடிகாரம் இருக்கும் நகர மன்றம் தீப்பற்றியபோது பழைய பொம்மைகள் எரிந்துபோயின. இப்போது இருப்பவை அதற்குப் பிறகு செதுக்கியவை. பார்க்க வேண்டியது பொம்மைகளுக்குக் கீழே இருக்கும் வட்டத் தட்டு. அது 1410-ஆம் ஆண்டின் வேலை, இன்றும் ஓடுகிறது.

நமக்கு அது புரிவதற்கு ஒரு சாவி இருக்கிறது: பஞ்சாங்கம். தட்டின் நடுவில் பூமி. அதைச் சுற்றிச் சூரியனுக்கு ஒரு முள், சந்திரனுக்கு ஒரு முள். சந்திரன் பாதி வெள்ளி, பாதி கறுப்பாக ஒரு சிறு உருண்டை. வளர்பிறையா தேய்பிறையா என்பதை அது திரும்பியிருப்பதைப் பார்த்தே சொல்லிவிடலாம். தனியாக ஒரு வளையத்தில் பன்னிரண்டு ராசிகளின் குறியீடுகள். சூரியன் இன்று எந்த ராசியில் என்பதை அண்ணாந்து பார்த்தே படிக்கலாம். (என் அப்பா வந்தபோது, வைதீஸ்வரன் கோயில் ஜோசியர் இங்கே கடை போடலாம் என்றார்.)

அடுத்தது நேரம். ரோமன் எண்கள் காட்டுவது நம் கைக்கடிகார நேரம். அதற்கு வெளியே கறுப்பு வளையத்தில் பொன்னிறத்தில் கொஞ்சம் வளைந்து நெளிந்த எண்கள், 1 முதல் 24 வரை. அது பழைய செக் நேரம். நம் முன்னோர் சூரிய உதயத்திலிருந்து நாழிகையை எண்ணினார்கள்; இவர்கள் அஸ்தமனத்திலிருந்து மணியை எண்ணினார்கள். சூரியன் மறையும்போது 24 முடிகிறது, புது நாள் பிறக்கிறது. அஸ்தமனம் தினமும் மாறுகிறதே? அதனால் அந்த வளையமே வருடம் முழுக்க மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். டிசம்பரில் 24 மாலை நான்குக்குப் பக்கத்தில் நிற்கும், ஜூனில் எட்டைத் தாண்டிப் போய்விடும். இது போதாதென்று நீலப் பகுதியில் வளைந்த பொன் கோடுகள் வேறு. உதயம் முதல் அஸ்தமனம் வரை உள்ள பகலைப் பன்னிரண்டு சம பங்காக்கும் கோடுகள் அவை. ராகு காலத்துக்குப் பகலை எட்டாக வகுக்கிறோம் அல்லவா, அதே கணக்குதான், வகுக்கும் எண் மட்டும் வேறு. கோடையில் ஒரு பங்கு நீளம், குளிரில் குட்டை.

கடிகாரம் செய்தவரின் கண்ணைக் குருடாக்கிவிட்டார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். தாஜ்மகால் கட்டியவர்களின் கையை வெட்டிய கதைக்கு இது பங்காளி. அந்தக் கதையில் வரும் ஹனுஷ் இதைச் செய்யவே இல்லை. செய்தவர் கடான் ஊர் மிகுலாஷ். வான கணிதம் யான் ஷிண்டெலுடையது என்கிறார்கள்.

அடுத்த முறை மணி அடித்துக் கூட்டம் கலைந்த பிறகு போய் நில்லுங்கள் சார். தட்டு முழுக்க உங்களுக்குத்தான்.

ஈரோட்டிலிருந்து: பணத்தை எங்கே மாற்றுவது? யூரோ செல்லுமா?

செக் நாட்டின் பணம் கொருனா. சுற்றுலாக் கடைகள் சில யூரோ வாங்கும், ஆனால் அவர்கள் வைத்ததுதான் விலை. நான் வந்த முதல் வாரம் "கமிஷன் 0" என்று பெரிதாக எழுதிய ஒரு கடையில் நூறு யூரோ கொடுத்தேன். கமிஷன் பூஜ்யம்தான். மாற்று விகிதத்திலேயே கால்வாசியை எடுத்துவிட்டார்கள். ரசீதைப் பார்த்துக்கொண்டே டிராம் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

2019 முதல் சட்டம் மாறிவிட்டது. மாற்றிய மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு திரும்பிப் போனால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். 1000 யூரோ மதிப்பு வரை இது செல்லும். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

தெருவில் வந்து "நல்ல விகிதம் தருகிறேன்" என்பவரிடம் பேச்சே வேண்டாம். கையில் திணிப்பது கொருனாவாக இருக்காது, மதிப்பு குறைந்த வேறு நாட்டு நோட்டாக இருக்கும். ஏடிஎம்மில் எடுக்கும்போது "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா?" என்று திரை கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள். கடைகளில் கார்டு தேய்க்கும்போதும் அப்படியே.

மதுரையிலிருந்து: அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு முட்டி வலி. கோட்டைக்கு ஏற முடியுமா?

ஏறவே வேண்டாம், தம்பி. 22-ஆம் எண் டிராம் பிடித்து 'பிராஷ்ஸ்கி ஹ்ராட்' நிறுத்தத்தில் இறங்குங்கள். அங்கிருந்து கோட்டையின் வடக்கு வாசலுக்குக் கிட்டத்தட்ட சமதளம், ஐந்தே நிமிட நடை. பலர் ஆற்றங்கரையிலிருந்து படிக்கட்டில் ஏறி, மேலே போய்ச் சேரும்போதே தளர்ந்துவிடுகிறார்கள். வரிசை இருக்கலாம். காலை ஒன்பதுக்கு முன்பே போய்விடுங்கள். முற்றங்களில் நடக்கக் கட்டணம் இல்லை, கட்டடங்களுக்கு உள்ளே போகத்தான் சீட்டு. திரும்பும்போதும் அதே டிராம். இறங்குகிற படிதான் முட்டிக்குப் பெரிய எதிரி.

உள்ளே ஒன்றே ஒன்று என்றால் புனித வீட்டஸ் பேராலயம். 1344-இல் தொடங்கி 1929-இல்தான் முடித்தார்கள். அதனால் கிழக்குப் பாதி நிஜமான நடுக்காலக் கல், மேற்கு முகப்பு நம் தாத்தா காலத்துக் கல். முகப்பை உற்றுப் பார்த்தால் கோட்டும் டையும் அணிந்த மனிதர்களின் சிறு சிற்பங்கள் தெரியும். கட்டி முடித்தவர்கள் தங்களையும் செதுக்கி வைத்துவிட்டார்கள். உள்ளே இடது பக்கம் மூன்றாவது சிறு ஆலயத்தில் செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் முக்காவின் வண்ணக் கண்ணாடி ஜன்னல். அதன் அடியில் அன்று செலவை ஏற்ற வங்கியின் பெயர் இருக்கிறது. டியூப்லைட்டில் "உபயம்" எழுதுவது நம் ஊர்க் கோயில்களில் மட்டும் என்று நினைத்திருந்தேன்.

தெற்குக் கோபுரத்துக்கு 287 படிகள். அப்பா அம்மாவுக்கு வேண்டாம். உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க ஆசையென்றால் பழைய நகர மன்றத்தின் கோபுரத்தில் லிஃப்ட் இருக்கிறது.

பழைய அரண்மனையில் ஒரு ஜன்னலைக் காட்டுவார்கள். 1618 மே 23 அன்று கத்தோலிக்கப் பேரரசரின் இரண்டு பிரதிநிதிகளையும் அவர்களின் எழுத்தரையும் புராட்டஸ்டண்ட் பிரபுக்கள் அங்கிருந்துதான் வெளியே தூக்கி எறிந்தார்கள். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். தேவதைகள் தாங்கின என்றது கத்தோலிக்கத் தரப்பு, குப்பைமேடு தாங்கியது என்றது புராட்டஸ்டண்ட் தரப்பு. ஐரோப்பாவை உலுக்கிய முப்பதாண்டுப் போர் தொடங்கியது இந்தச் சம்பவத்தில்தான். ஞாயிறு காலை பேராலயத்தில் பூசை நடக்கும், சுற்றிப் பார்க்கப் போக வேண்டாம்.

காரைக்குடியிலிருந்து: சார்லஸ் பாலத்தின் சாந்தில் முட்டை கலந்தார்கள் என்கிறார்களே, நிஜமா?

காரைக்குடிக்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா! முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைத்த சுவரில் முகம் பார்க்கிற ஊர் உங்களுடையது. இங்கே அது கதையாக உலவுகிறது. மன்னர் நான்காம் சார்லஸ் ஊர் ஊராக முட்டை அனுப்பச் சொன்னாராம். வெல்வாரி என்ற ஊர்க்காரர்கள், வழியில் உடைந்துவிடக் கூடாதே என்று எல்லாவற்றையும் வேகவைத்து அனுப்பினார்களாம். இன்றும் அந்த ஊரை இதற்காகக் கிண்டல் செய்வார்கள்.

பாலத்தின் நீளம் 516 மீட்டர். முன்பிருந்த கல் பாலத்தை 1342 வெள்ளம் அடித்துக்கொண்டு போனதால் 1357-இல் இதைத் தொடங்கினார்கள். ஜோசியர்கள் குறித்த முகூர்த்தமாம்: 1357, 9-ஆம் தேதி, 7-ஆம் மாதம், காலை 5:31. வரிசையாக எழுதுங்கள், 135797531. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றே. நாள் பார்க்காமல் அஸ்திவாரம் தோண்டாத பழக்கம் எங்கும் இருந்திருக்கிறது. மேலே நிற்கும் 30 சிலைகளில் பெரும்பாலானவை நகல்கள். அசல்கள் மழையிலும் புகையிலும் கரையாமல் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

சேலத்திலிருந்து: நாங்கள் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் கவனம் தேவை. செக் சமையலில் சூப் என்றாலே மாட்டெலும்புச் சாறு இருக்கலாம், பூண்டு சூப் உட்பட. 'ஸ்வீச்கோவா' என்று வெண்ணெய் நிறத்தில் ஒரு குழம்பு வரும். பார்க்க நம் குருமா மாதிரி இருக்கும், ஆனால் மாட்டிறைச்சி. 'ஸ்மாஷெனி சீர்' என்கிற பொரித்த சீஸை எல்லோரும் சைவம் என்று பரிந்துரைப்பார்கள். அதன் மேல்மாவில் முட்டை உண்டு, தொட்டுக்கொள்ளும் சாஸிலும் முட்டை. உருளைக்கிழங்கு அடை 'பிராம்போராக்'கிலும் முட்டை சேர்ப்பார்கள். "பெஸ் மஸா" என்றால் இறைச்சி இல்லாமல் என்று அர்த்தம். ஆனால் முட்டையைத் தனியாகக் கேட்டாக வேண்டும்.

ஆகவே உங்களுக்கு இந்திய உணவகங்களும் முழுச் சைவ உணவகங்களும்தான் வழி, இரண்டுக்கும் ஊரில் பஞ்சமில்லை. சமையலறை உள்ள தங்குமிடம் எடுத்தால் இன்னும் நல்லது. ரசப்பொடி டப்பா ஒன்று கொண்டுவாருங்கள். மேசையில் தானாக வந்து உட்காரும் ரொட்டிக் கூடை இலவசம் இல்லை. எடுத்தால் கணக்கில் ஏறும்.

பெங்களூரிலிருந்து: பிராகில் இரண்டு இரவு, இத்தாலியில் ஐந்து இரவு. ஷெங்கன் விசாவுக்கு (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா) எங்கே விண்ணப்பிக்க?

அதிக நாள் தங்கும் நாட்டில், ஆகவே இத்தாலி. இரண்டிலும் சமமான நாட்கள் என்றால்தான் முதலில் நுழையும் நாடு.

கோவையிலிருந்து: யூதர் பகுதி பார்க்க வேண்டிய இடமா? குழந்தைகளோடு வருகிறோம்.

பார்க்க வேண்டிய இடம். சனிக்கிழமை மூடியிருக்கும், நாளை அதற்கேற்ப வையுங்கள். பழைய கல்லறைத் தோட்டத்தில் சுமார் 12,000 கற்கள், ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து, கூட்ட நெரிசலில் நிற்பவர்களைப் போல. இடத்தை விரிவாக்க முடியவில்லை, பழைய கல்லறைகளை அகற்ற மதம் அனுமதிக்கவில்லை. அதனால் மண்ணைக் கொட்டிக் கொட்டி மேலே மேலே புதைத்தார்கள். 'கோலெம்' என்ற களிமண் மனிதனின் கதையில் வரும் யூத மதகுரு ரபி லோவ் இங்கேதான் இருக்கிறார், 1609-இல் இறந்தவர். அந்தக் கதையைக் குழந்தைகளுக்கு முன்பே சொல்லி அழைத்து வாருங்கள்.

பக்கத்திலேயே பிங்கஸ் ஜெபக்கூடம். சுவர் முழுக்க எழுத்து. தூரத்திலிருந்து பார்த்தால் கோலமிட்ட தாள் ஒட்டிய மாதிரி இருக்கும். கிட்டே போனால் பெயர்கள், நாஜிகள் கொன்ற கிட்டத்தட்ட 80,000 பேர். குடும்பப் பெயர் ஒரு நிறம், பிறகு ஆட்கள், பிறந்த தேதி, கடைசியாகத் தெரிந்த தேதி. மாடியில் டெரெசின் முகாமில் அடைபட்டிருந்த குழந்தைகள் வரைந்த படங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட குழந்தை என்றால் கூட்டிப் போங்கள். சிறியவர்கள் என்றால் ஒருவர் வெளியே நின்று பார்த்துக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அக்கா, கமில் சுவலபில் பிராக் நகரத்தவர் தானே? அவர் சம்பந்தமாகப் பார்க்க ஏதும் இருக்கிறதா?

இந்தக் கேள்வி வராதா என்று காத்திருந்தேன். ஆமாம், தமிழறிஞர் சுவலபில் 1927-இல் பிராகில் பிறந்தவர், சார்லஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1348-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் நுழைந்த பிறகு நாட்டை விட்டுப் போனார். நெதர்லாந்தில் பல ஆண்டுகள் கற்பித்தார், 2009-இல் பிரான்ஸில் காலமானார். இங்கே தமிழ்க் கல்வி அவரோடு நின்றுவிடவில்லை, யரோஸ்லாவ் வாட்செக் அதே பல்கலைக்கழகத்தில் தொடர்ந்தார்.

போவதென்றால் கலைப்புல வளாகத்துக்குப் போகலாம். ஆற்றை ஒட்டி, யான் பாலாக் சதுக்கத்தில் இருக்கிறது. யான் பாலாக் அங்கே படித்த மாணவர். அதே படையெடுப்பை எதிர்த்து 1969 ஜனவரி 16 அன்று வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் தீக்குளித்தார், மூன்று நாளில் இறந்தார். அவர் விழுந்த இடத்தருகே தேசிய அருங்காட்சியகத்தின் முன்னால் நடைபாதைக் கல்லிலேயே வெண்கலச் சிலுவை ஒன்று உருகி வழிவதைப் போலப் பதித்திருக்கிறார்கள். சிலையைத் தேடி அண்ணாந்து பார்த்துக்கொண்டே அதை மிதித்துக் கடந்துவிடுவோம். குனிந்து பாருங்கள்.

சிங்கப்பூரிலிருந்து: தெருவெல்லாம் விற்கிறார்களே, டிரெடெல்னிக், அது பிராகின் பாரம்பரியப் பலகாரமா?

இல்லை. என் பக்கத்து வீட்டுப் பாட்டி சிறு வயதில் இதைப் பார்த்ததே கிடையாது என்கிறார். சுட்ட மாவில் சர்க்கரை, சூடாக இருக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். ஐஸ்கிரீம் நிரப்பாமல் வாங்குங்கள், இல்லாவிட்டால் அடியில் ஒழுகிச் சட்டையெல்லாம் பிசுபிசுக்கும்.