குழந்தைக்கு ‘குடல் கசிவு’ டெஸ்ட் எடுக்கலாமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: நாலு வயசுப் பையனுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு, எடை ஏறவில்லை, குடல் கசிவு (குடல்சுவர் தளர்ந்து, கடக்கக் கூடாதவையும் உள்ளே கடப்பது) இருக்கிறதா என்று பார்க்க, ஸோனுலின் என்ற புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை எடுக்கலாமா என்று. வேண்டாம். அந்தப் பரிசோதனைக் கிட்டுகளில் சில, ஸோனுலின் அல்லாத வேறு புரதங்களையும் சேர்த்துக் காட்டுவதாக ஆய்வுகள் சொல்கின்றன.

ஆராய்ச்சிகளில் குடல் கசிவை அளக்கப் பெரும்பாலும் லாக்டுலோஸ், மானிடால் என்ற இரண்டு சர்க்கரைகளை வைத்துச் செய்யும் முறைதான். வெறும் வயிற்றில் அந்த இரண்டையும் கரைத்த நீரைக் குடிக்கவைத்து, சுமார் 5 மணி நேரச் சிறுநீரைச் சேர்ப்பார்கள். மானிடால் சிறியது, குடலைச் சுலபமாகக் கடக்கும். பெரிய லாக்டுலோஸ் கடப்பது சொற்பம். சிறுநீரில் லாக்டுலோஸின் விகிதம் கூடினால் குடல்சுவர் தளர்ந்திருக்கலாம். சின்னப் பிள்ளையிடம் சிந்தாமல் சிறுநீர் பிடிப்பதுதான் பெரும்பாடு. ஒட்டுப் பை கழன்றுவிடும். இவ்வளவு செய்தும் காரணம் தெரியாது.

பாலக்காட்டில் குழந்தைகள் டாக்டரிடம் காட்டி மலப் பரிசோதனையும், சீலியாக் நோய்க்கான (கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) டிடிஜி ரத்தப் பரிசோதனையும் தேவையா என்று கேளுங்கள். அதுவரை தயவுசெய்து கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் டிடிஜி தப்பாக நார்மல் காட்டக்கூடும்.