வீட்டில் நாய் வளர்த்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பது முரண் இல்லையா? அது சரியா, தப்பா?

முரண்தான். நானும் அதற்குள்தான் இருக்கிறேன். வேலூரில் எங்கள் வீட்டில் ஜிம்மி என்று ஒரு நாட்டுநாய் இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் ஒரு மழைநாளில் கேட்டுக்கு அடியில் நுழைந்து வந்த குட்டி. அதே வீட்டில் மாதத்துக்கு இரண்டு ஞாயிறு கறி வேகிறது. "நாய்க்கு அறிவு உண்டு, நன்றி உண்டு, ஆட்டுக்கு அதெல்லாம் கிடையாது" என்று சொல்லிப் பலர் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியாது. நான் ஆடு வளர்த்தவன்.

குடியாத்தத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். எட்டு வயதில் எனக்கு டைபாய்டு வந்து பிழைத்தபோது ஆயா கெங்கையம்மனுக்கு ஒரு கிடா நேந்துகொண்டார். பால் மறந்த குட்டியாகச் சந்தையில் வாங்கி வந்தார்கள். செம்மறி இல்லை, வெள்ளாடு. செவலை நிறம், அதனால் பேரும் செவலை. நேந்துவிட்ட ஆட்டை விற்க மாட்டார்கள், அடுத்தவன் கொல்லையில் மேய்ந்தால்கூட யாரும் கல் எடுக்க மாட்டார்கள். அகத்திக்கீரையும் வேலிக்காத்தான் காயும் அதற்கு உயிர். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையிலேயே என் குரலைக் கண்டுபிடித்துக் கத்த ஆரம்பிக்கும். காய்ச்சலில் நான் மறுபடி படுத்த ஒரு வாரமும் திண்ணையை விட்டு நகரவில்லை. இன்றைக்கு ஜிம்மி செய்வதில் எதைச் செவலை செய்யவில்லை என்று யோசித்துப் பார்க்கிறேன். குரைக்கவில்லை, அவ்வளவுதான்.

குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதை ஒட்டி எங்கள் ஊரிலும் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். அடுத்த வருடத் திருவிழாவில் செவலைக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, மாலை போட்டு, நெற்றியில் குங்குமம் வைத்துக் கோயில் முன்னால் நிறுத்தினார்கள். பிறகு எல்லோரும் காத்திருந்தார்கள். ஆடு உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். சிலுப்பாத ஆட்டின் மேல் கத்தி படக் கூடாது.

செவலை சிலுப்பவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. ஆயா கையெடுத்துக் கும்பிட்டு, "தாயே, எங்க மேல இன்னா கொற இருந்தாலும் மன்னிச்சிடு" என்று அழுதார். மூன்றாவது சொம்புத் தண்ணீருக்குத்தான் சிலுப்பியது. நான் பம்புசெட்டுப் பக்கம் ஓடிவிட்டேன்.

அன்று மத்தியானம் ஊர்ப்பட்ட சொந்தக்காரர்களுக்கு ஆயாதான் குழம்பு வைத்தார். அவர் மட்டும் மோர்மிளகாயோடு கூழ் குடித்துவிட்டு எழுந்தார். நான் ஏனென்று கேட்டதற்கு, "நான் நேந்துக்கினது அம்மனுக்குடா. வளத்த கைக்கு அது எறங்காது" என்றார். நானும் சாப்பிடவில்லை.

உடம்பில் தண்ணீர் பட்டால் எந்த ஆடும் கடைசியில் சிலுப்பும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனாலும் அந்தக் காத்திருப்பை மூடத்தனம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒரு உயிரை எடுப்பதென்றால் யாரிடமாவது கேட்டாக வேண்டும், கேட்காமல் எடுத்தால் குற்றம் என்று ஒரு ஊரே நம்பியது. இதையே வேறு விதமாக ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் பார்த்திருக்கிறேன். பக்ரீத்துக்கு வாங்கிய ஆட்டைச் சில நாள் வீட்டில் கட்டி வைத்திருப்பார்கள், பிள்ளைகள் தழை ஊட்டும். ஓர் ஆட்டின் முன்னால் இன்னோர் ஆட்டை அறுக்கக் கூடாது, அதன் கண்ணெதிரே கத்தியைத் தீட்டக் கூடாது என்று என் ஆம்பூர் நண்பனின் அப்பா சொல்லிக்கொடுத்தார். இறைவன் பெயரைச் சொல்லித்தான் கத்தி வைக்க வேண்டும். கறியில் மூன்றில் ஒரு பங்கு ஏழைகளுக்கு.

இந்த மண்ணில் இந்த விவாதம் புதிதும் இல்லை. காட்பாடிக்கு அப்பால் வள்ளிமலைக்குப் போயிருக்கிறீர்களா? பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள், கங்க மன்னன் இராசமல்லன் காலத்தது, 9-ஆம் நூற்றாண்டு. எறும்புக்கும் தீங்கு நினைக்கக் கூடாது என்றவர்கள் தவம் இருந்த மலை. அதே மலைதான் வேடர் தலைவன் நம்பிராஜனின் மகள் வள்ளி தினைப்புனம் காத்த இடம் என்றும் ஊர் கும்பிடுகிறது. வேட்டையாடித் தின்ற குடியின் பெண்ணை முருகன் தேடி வந்து கைப்பிடித்தான். ஆரணி, போளூர், வந்தவாசிப் பக்கம் தமிழ்ச் சமணர்கள் இன்றும் வாழ்கிறார்கள். கறி தின்பவரும் தின்னாதவரும் ஒரே மலையேறிக் கும்பிட்ட வட்டாரம் இது. அதனால் "இயற்கையிலேயே எல்லோரும் சைவம்" என்பதையும் ஏற்க முடியவில்லை, "மனுஷன்னா கறி தின்னுவான், இதுல என்ன கேள்வி" என்பதையும் ஏற்க முடியவில்லை.

எந்த மிருகம் வீட்டுக்குள், எது சட்டிக்குள் என்ற எல்லைக்கோட்டை ஒவ்வோர் ஊரும் ஒவ்வோர் இடத்தில் போட்டிருக்கிறது. நாகாலாந்தில் 2020-ல் அரசு நாய்க்கறியைத் தடை செய்தது. 2023-ல் குவஹாத்தி உயர்நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. தென்கொரியாவில் 2024-ல் நாய்க்கறித் தொழிலைத் தடை செய்யும் சட்டம் நிறைவேறியது, 2027-ல் நடைமுறைக்கு வரும். நாயின் வலி கோஹிமாவில் ஒன்று, வேலூரில் வேறொன்று என்று இருக்க முடியாது.

அப்படியானால் ஜிம்மியை மட்டும் மடியில் வைத்துக் கொஞ்சுவது பாசாங்கா? அப்படி நான் நினைக்கவில்லை. என் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிறேன், எதிர்வீட்டுப் பிள்ளைக்குக் கட்டுவதில்லை. அதில் தப்பில்லை. ஆனால் அது என் பிள்ளை இல்லை என்பதற்காக எதிர்வீட்டுப் பிள்ளையை அடிக்க எனக்கு உரிமை வந்துவிடாது. நம்மோடு இருக்கும் ஜீவனிடம் கூடுதலாக அன்பு வைக்கலாம். மற்ற ஜீவன் எப்படித் துடித்தால் நமக்கென்ன என்று இருப்பதற்கு அந்த அன்பைக் காரணமாகக் காட்டக் கூடாது.

இங்கேதான் பிராய்லர் கோழி என்னை உறுத்துகிறது. நாட்டுக்கோழி கறிக்குத் தேற ஐந்தாறு மாதம் ஆகும். பிராய்லர் நாற்பது நாளில் இரண்டு கிலோ. தன் எடையைத் தன் காலே தாங்காது, பாதி நேரம் உட்கார்ந்தே கிடக்கும். கடைக் கூண்டில் ஒன்றை இழுத்து அறுப்பதை மற்றவை பார்த்துக்கொண்டிருக்கின்றன. அறுக்கும் பாய் ஒவ்வொரு முறையும் வாய்க்குள் பிஸ்மி சொல்லித்தான் அறுக்கிறார். கேட்க வேண்டியதை அவர் கேட்டுவிடுகிறார். கேட்காதது வரிசையில் நிற்கும் நாங்கள். "ஒரு கிலோ, தோல் உரிச்சு" என்று சொல்லிவிட்டு மொபைலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். செவலைக்காக ஓர் ஊர் மூன்று சொம்புத் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்ததையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜிம்மியும் இதற்கு வெளியே இல்லை. அதற்குச் சோற்றோடு மஞ்சள் போட்டு வேகவைப்பது அதே கடையில் வாங்கும் கோழிக்கால், கழுத்து, தோல். பூனை வளர்ப்பவர்களுக்கு இன்னும் நெருக்கடி. டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும், அது இயற்கையில் பெரும்பாலும் இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. நாம் சைவமாகிவிட்டாலும் செல்லத்தின் தட்டுக்காக ஏதோ ஒரு உயிர் போய்க்கொண்டுதான் இருக்கும்.

பால் குடிப்பவர்களும் தனியாக நிற்க முடியாது. செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச்சந்தைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். கறவை வற்றிய பசுவும், பாலுக்கு உதவாத கலப்பினக் காளைக்கன்றும் எங்கே போகின்றன என்று அங்கே புரியும். அவற்றை விற்றுவிட்டு வெறும் கயிற்றோடு பஸ் ஏறும் விவசாயி கெட்டவர் இல்லை. தீவனம் போடக் காசில்லாதவர். தோல் வாணியம்பாடிக்கும் ராணிப்பேட்டைக்கும் போய்ச் செருப்பாகவும் பெல்ட்டாகவும் நம்மிடமே திரும்பி வருகிறது.

அதனால்தான் கோழி தின்றுகொண்டே மாட்டுக்கறிக்காரர்களைக் கொடூரர்கள் என்பவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது. 2022 மே மாதம் ஆம்பூரில் நடக்கவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்று செய்தி வந்து, எதிர்ப்பு கிளம்பி, விழாவே தள்ளிப்போனது நினைவிருக்கலாம். அந்த வாரம் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் நாய்ப்பிரியர் ஒருவர் "மாட்டைத் தின்கிறவனுக்கு இரக்கம் எங்கே இருக்கும்" என்று எழுதினார். அவர் வீட்டுச் சிக்கன் பிரியாணியை நான் இரண்டு முறை சாப்பிட்டிருக்கிறேன். ஒரு மாட்டில் கிடைக்கும் கறிக்கு நூறு கோழிக்குமேல் சாக வேண்டும். உயிரை எண்ணினால் அவர் சொன்னது நிற்காது. அது அடுத்தவரின் தட்டை வைத்து அவரின் சாதியையும் மதத்தையும் எடைபோடும் பேச்சு. மிருகங்களுக்கான இரக்கத்தை அதற்குப் பயன்படுத்துவது மிருகங்களுக்கே செய்யும் துரோகம் என்று குழுவில் எழுதினேன். அவர் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை.

நீங்கள் கேட்டது சரியா தப்பா என்று. கறியை விட்டவர்களை நான் மனதார மதிக்கிறேன், அவர்கள் பக்கம்தான் நியாயம் அதிகம். நான் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. பிராய்லரை எங்கள் தட்டிலிருந்து எடுத்துவிட்டோம், ஜிம்மிக்கு மட்டும் வாங்குகிறேன். எங்களுக்கு ஊரிலிருந்து நாட்டுக்கோழி, அல்லது மாதத்தில் ஒருமுறை அரைக்கிலோ ஆட்டுக்கறி. சட்டியில் மிஞ்சிக் குப்பைக்குப் போவதில்லை. கடையில் வரிசை வந்ததும் மொபைலைப் பையில் வைத்துவிடுகிறேன். பாய் கூண்டுக்குள் கையை விடும்போதிலிருந்து அது அடங்கும் வரை பார்த்துக்கொண்டு நிற்கிறேன். சில ஞாயிறுகளில் வெறும் பையோடு திரும்பியிருக்கிறேன். அன்றைக்கு ஜிம்மிக்குத் தயிர்ச்சோறு.