பாலாற்றங்கரையில் பயிற்சி

கேள்வி: பொதுக்கொள்கையில் முதுகலை படிக்கிறேன். பன்னாட்டு வளர்ச்சி நிறுவனம் ஒன்றின் குடிநீர்த் திட்டத்தில் இரண்டு மாதப் பயிற்சிக்காக வாணியம்பாடிப் பக்கம் செல்லவிருக்கிறேன். வகுப்பில் கற்றது அங்கே எவ்வாறு பயன்படும், ஐயா? – வாசகி, குடியாத்தம்.

பதில்: நீங்கள் செல்லும் பழைய வட ஆற்காட்டு மண்ணே உங்கள் பாடத்தில் இருக்கிறது, மகளே. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றைக் கெடுப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அதை மீண்டும் ஒருமுறை படித்துவிட்டு, ஆற்றோரக் கிணற்றுக்காரர்களிடம் இன்று தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

ஊரக வீடுகளுக்குக் குழாய்வழிக் குடிநீர் தரும் ஒன்றிய அரசின் ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்கிறது. கணக்கெடுக்கும்போது லிட்டரில் கேட்காமல், எத்தனை குடம், எத்தனை மணிக்கு, யார் பிடித்தார் என்று கேளுங்கள். 15 லிட்டர் குடமானால் ஆளுக்கு நான்கு குடம்கூட ஆகாது. குழாய் உண்டு என்று பதிவாகும் வீட்டிலும், விடியற்காலையில் குடத்தோடு காத்திருக்கும் பெண்ணின் நேரம் படிவத்தில் ஏறாமல் போகலாம். அதை அவசியம் எழுதுங்கள். அறிக்கையை ஆங்கிலத்தில் அனுப்புமுன், அதன் சுருக்கத்தைத் தமிழில் கிராம சபையில் வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்லும் திருத்தங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.