ராத்திரியில் தூங்காத குழந்தை: மும்பை அம்மாக்களின் கேள்விகள், ஒரு குழந்தை மருத்துவரின் பதில்கள்

பெண் குழந்தை, ஐந்து வாரம். விளக்கு வைக்கிற நேரத்தில் அழ ஆரம்பித்தால் ஒன்பது மணி வரை வீறிடுகிறாள். பால் நன்றாகக் குடிக்கிறாள், எடையும் கூடுகிறது. தாராவியில் ஒற்றை அறை வீடு; அக்கம்பக்கத்துக்கும் தொந்தரவு. வயிற்றுவலி, கிரைப் வாட்டர் கொடு என்கிறார் மாமியார்.

எடை கூடுகிறது என்று எழுதினீர்களே, அதிலேயே பாதி பதில் இருக்கிறது. பிறந்த இரண்டு வாரத்திலிருந்து குழந்தையின் அழுகை கூடிக்கொண்டே போய், ஆறாவது வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு மாதத்தில் அடங்கும். பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 80 குழந்தைகளின் தாய்மாரைத் தினமும் குறித்து வைக்கச் சொல்லி 1962-ல் இதை எழுதினார். நல்ல ஆரோக்கியமான அந்தக் குழந்தைகளே ஆறு வாரத்தில் நாளுக்குக் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம் அழுதன, அதிலும் சாயங்காலத்தில்தான் அதிகம். உங்கள் பாலில் குறை இல்லை. நீங்கள் சாப்பிட்ட உருளைக்கிழங்கும் காரணம் இல்லை.

சாயங்காலம் அரை மணிக்கு ஒருமுறை பால் கேட்டாலும் கொடுங்கள். அந்த நேரத்தில் டிவியை அணைத்து, விளக்கைக் குறைத்து, ஃபேனை மட்டும் ஓட விடுங்கள். ஒரே சீரான அந்த இரைச்சல் பல குழந்தைகளை அமைதிப்படுத்தும். பிறகு தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். அந்த வேலையை மாமியாரிடம் கொடுங்கள். பேத்திக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பில்தான் அவர் கிரைப் வாட்டரைச் சொல்கிறார்.

கிரைப் வாட்டர் 1851-ல் இங்கிலாந்தில் பிறந்தது. அந்தக் காலத்தில் அதில் சாராயச் சத்து கலந்திருந்தது. குழந்தைகள் அடங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இப்போது வருவதில் அது இல்லை, ஆனால் அழுகையை நிறுத்தும் என்பதற்கு நல்ல ஆதாரமும் இல்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும். வசம்பை உரசிக் கொடுக்க வேண்டாம். தேன் ஒரு வயது வரை நாக்கில் தடவக்கூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் நஞ்சு குழந்தையின் தசைகளையே செயலிழக்கச் செய்யும்.

ஒருநாள் உங்களுக்கே தாங்காமல் போகும். அப்போது குழந்தையைப் பாயில் மல்லாக்கக் கிடத்திவிட்டு ஐந்து நிமிடம் வாசலில் போய் நில்லுங்கள். அழட்டும், ஒன்றும் ஆகாது. கோபத்தில் குலுக்கினால் மூளையில் ரத்தம் கசியும்.

மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல், பச்சை நிறத்தில் வாந்தி, மலத்தில் ரத்தம், பால் குடிக்க மறுப்பது, மூத்திரம் குறைவது, அழுகையே சோர்ந்துபோவது: இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திராமல் அன்றிரவே மருத்துவமனைக்குப் போங்கள்.

மூன்று வாரக் குழந்தை. பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் முழிப்பு. (மாட்டுங்கா)

பகல் இரவு என்ற கணக்கு உடம்புக்குள் உருவாகவே இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை 14 முதல் 17 மணி நேரத் தூக்கத்தைத் துண்டு துண்டாகத்தான் தூங்கும். காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்திருங்கள். பகல் தூக்கத்துக்காக வீட்டை இருட்டாக்க வேண்டாம். ராத்திரி துணி மாற்றும்போது சின்ன விளக்கு மட்டும் போதும், கொஞ்சலும் பேச்சும் வேண்டாம். இன்னொன்று: இந்த வயதில் பாதித் தூக்கம் முனகலும் நெளிவுமாகவே இருக்கும். சத்தம் கேட்டவுடன் தூக்கினால் தூங்குகிற குழந்தையை நாமே எழுப்பிவிடுவோம். ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

தோளில் தூங்குகிறான், கீழே போட்டால் கண்ணைத் திறந்துவிடுகிறான். தூக்கித் தூக்கியே கைச்சூடு பழக்கிவிட்டாய் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டு மாதம். (செம்பூர்)

இரண்டு மாதக் குழந்தைக்கு யாரும் செல்லம் கொடுத்துக் கெடுக்க முடியாது. தயங்காமல் தூக்குங்கள்.

கீழே போடும் விதத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஜப்பானின் ரிக்கென் ஆய்வுக்கூடத்தில் இதையே சோதித்து 2022-ல் வெளியிட்டார்கள். அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்காமல் ஒரே சீராக நடப்பது. தூங்கியதும் உடனே கிடத்தாமல் மடியில் வைத்து ஐந்து முதல் எட்டு நிமிடம் உட்கார்ந்திருப்பது. அதன் பிறகு கிடத்துவது. நம் உடம்பிலிருந்து பிரிகிற கணத்தில்தான் குழந்தைகள் விழித்துக்கொண்டன. தூக்கம் ஆழமாகட்டும் என்பதற்குத்தான் அந்த எட்டு நிமிடம். சிறிய ஆய்வுதான், ஆனாலும் செலவில்லாத வழி. என்னிடம் வருகிற பெற்றோருக்கு இதைத்தான் சொல்கிறேன்.

முலுண்டில் வாடகை வீடு. ஓனர் கூரையில் கொக்கி அடிக்க விடவில்லை. தூளி இல்லாமல் குழந்தை எப்படித் தூங்கும் என்று ஊரிலிருந்து வந்த அம்மா கேட்கிறார். ஸ்பிரிங் தொட்டில் வாங்கலாமா?

நானும் அம்மாவின் பழைய சேலைத் தூளியில் வளர்ந்தவள்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தூளியின் இதம் அதன் வளைவில் இருக்கிறது, ஆபத்தும் அங்கேதான். வளைந்த துணியில் குழந்தையின் தாடை நெஞ்சோடு மடங்கினால் மூச்சுவழி குறுகும். முகம் துணிப்பக்கம் திரும்பினால் சின்னக் குழந்தையால் விலக்கிக்கொள்ள முடியாது. நம் பாட்டிமார் தூளியாட்டினபோது கயிறு அவர்கள் கையிலேயே இருந்தது, பார்வை குழந்தை மேல் இருந்தது. இன்று தொட்டிலை ஆட்டிவிட்டு நாம் அடுக்களைக்குப் போய்விடுகிறோம்.

ஆகவே, ஸ்பிரிங் தொட்டிலோ தூளியோ, பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே விழித்திருக்கும் பகல் நேரத்துக்கு மட்டும். தூங்கியதும் எடுத்துச் சமமான இடத்தில் கிடத்துங்கள். குழந்தை புரள ஆரம்பித்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். மூத்த பிள்ளைகளை ஆட்ட விடாதீர்கள்.

ராத்திரிக்கு அமுங்காத மெத்தை, மல்லாந்த படுக்கை. 1990களில் பல நாடுகள் குழந்தையைக் குப்புறப் போடாதீர்கள் என்று சொல்ல ஆரம்பித்த பிறகுதான் தூக்கத்திலேயே நேர்கிற திடீர் மரணங்கள் பெரிய அளவில் குறைந்தன. தலையணை வேண்டாம். தலை உருண்டையாக வரும் என்று பக்கத்து வீட்டு ஆஜி (மராத்திப் பாட்டி) அன்போடு தைத்துத் தரும் கடுகுத் தலையணையும் வேண்டாம். இடமில்லாத வீட்டில் தரையில் உங்கள் பாய்க்கு ஒட்டினாற்போல் தனியாக ஒரு சின்ன மெத்தை விரிக்கலாம். குழந்தை இருவருக்கும் நடுவில் வேண்டாம், அம்மா பக்கம் இருக்கட்டும். சோபாவில் குழந்தையை மார்மேல் போட்டுக்கொண்டு கண்ணயர்ந்துவிடாதீர்கள்.

நாலு மாதம். இதுவரை நன்றாகத் தூங்கியவன் இப்போது மணிக்கொரு தரம் எழுகிறான். சளி மருந்து அரை ஸ்பூன் கொடு, அடித்துப் போட்டாற்போல் தூங்குவான் என்கிறாள் தோழி. (சயான்)

கொடுக்கவே கொடுக்காதீர்கள். தூக்கம் வரவழைக்கும் சளி மருந்துகள் சின்னக் குழந்தையின் மூச்சையே அடக்கிவிடக்கூடும். அப்படிப்பட்ட மருந்துகளில் ஒன்றான பிரோமெத்தசின் இரண்டு வயதுக்குள் கூடாது என்று அமெரிக்க மருந்துத் துறை எச்சரிக்கையே விதித்திருக்கிறது. இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. பருத்தி ஆலைகள் ஓடிய காலத்தில், வேலைக்குப் போன தாய்மார் குழந்தை அழாமல் கிடக்க 'பாலா கோலி' என்ற அபின் உருண்டையைக் கொடுத்தார்கள். வேறு வழியில்லாத அந்தப் பெண்களை நினைத்தால் மனசு கனக்கிறது. நமக்கு வழி இருக்கிறது.

நாலு மாதத்தில் தூக்கத்தின் அமைப்பே மாறுகிறது. ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கும் இடைவெளியில் முழுசாக விழித்துக்கொள்கிறான். இது சில வாரங்களில் சரியாகும். தினமும் ஒரே நேரம், ஒரே வரிசை: வெந்நீர்க் குளியல், பால், விளக்கைக் குறைத்து ஒரே தாலாட்டு. முழுசாகத் தூங்குவதற்குச் சற்று முன்பே, கண் சொருகும்போது கிடத்திப் பழக்குங்கள். எல்லா நாளும் பலிக்காது, பரவாயில்லை.

குழந்தைக்கு இரண்டரை மாதம். இப்போது அவன் தூங்கினாலும் என் மனைவி தூங்குவதில்லை. காரணமில்லாமல் அழுகிறாள், நான் நல்ல அம்மா இல்லை என்கிறாள். என்ன செய்வது? (ஒரு அப்பா, தானே)

தம்பி, இங்கே முதலில் கவனிக்க வேண்டியது உங்கள் மனைவியை. குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராமல், அழுகையும் குற்றவுணர்ச்சியும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது பேறுகால மனச்சோர்வாக இருக்கலாம். சோம்பலோ பிடிவாதமோ இல்லை. சிகிச்சையில் சரியாகிறது, பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு. இந்த வாரமே பிரசவம் பார்த்த டாக்டரிடமோ மனநல மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள், நீங்களும் கூடவே உட்காருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். தனக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துகொள்வேன் என்ற பேச்சு வந்தால் அவரைத் தனியாக விடாமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இன்றிரவு ஒன்பது மணிக்கு அவர் பால் கொடுத்ததும் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஏப்பம் விடச் செய்வது, துணி மாற்றுவது, தோளில் போட்டு நடப்பது எல்லாம் நள்ளிரவு தாண்டி ஒரு மணி வரை உங்கள் பொறுப்பு. பசித்தால் மட்டும் பாலுக்கு எழுப்புங்கள். அவர் வேறு மூலையில், கதவிருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கட்டும்.