பத்து நாள்ல காலி பண்ணுன்னா காலி பண்ணிடணுமா? கொசப்பேட்டை அக்காவுக்கு ஒரு வக்கீலோட பதில்

கேள்வி: வேலூர் கொசப்பேட்டையில ஒரு சின்ன போர்ஷன்ல ஏழு வருஷமா வாடகைக்கு கீறோம். வாடகை 4,000, அட்வான்ஸ் 30,000 குடுத்தோம், எழுத்துல ஒண்ணும் கிடையாது. போன வருஷம் என் வீட்டுக்காரர் தவறிட்டாரு. நான் பீடி சுத்துறேன், காலையில ரெண்டு வீட்டுல பாத்திரம் தேய்க்கிறேன். பொண்ணு பத்தாவது, பையன் ஏழாவது, மாமியாருக்கு 68 வயசு. ரெண்டு மாச வாடகை பாக்கி. இப்ப ஓனர் வீட்டை வேற ஒருத்தருக்கு வித்துட்டாரு, புதுசா வாங்குனவரு பத்து நாள்ல காலி பண்ணுன்னு சொல்லிட்டு நாலு நாளா மோட்டார் போடறதில்ல, ஃபியூசையும் புடுங்கிட்டாரு. ஒருத்தர் 50,000 குடுத்தா ஹவுசிங் போர்டு வீடு வாங்கித் தரேன்றாரு. சொந்தக்காரங்க பாலாத்து ஓரமா ஒரு குடிசை போட்டுக்கோன்றாங்க. எதுவும் ஆவலன்னா நாங்க நாலு பேரும் எங்க போய் படுக்கிறது? இன்னா பண்றதுன்னே தெரியல.

பதில்: அக்கா, மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், பத்து நாள் முடிஞ்சாலும் நீங்க வீட்டை விட்டு எறங்காதீங்க. சாவியை குடுக்காதீங்க, வெத்துப் பேப்பர்லயோ ஸ்டாம்ப் பேப்பர்லயோ கையெழுத்தும் போடாதீங்க. வீட்டை வித்தா வாடகைக்காரங்க தானா வெளிய போகணும்னு எந்த சட்டமும் சொல்லல. பழைய ஓனர் எந்த எடத்துல நின்னாரோ அந்த எடத்துலதான் புது ஓனர் வந்து நிக்கிறாரு, அவ்ளோதான். அவருக்கு வீடு வேணும்னா ரென்ட் கோர்ட்டுக்குப் போய் மனு போட்டு ஆர்டர் வாங்கிட்டு வரணும், வாய்ல சொல்லி காலி பண்ண வைக்க முடியாது.

இப்ப தமிழ்நாட்டுல நகரப் பகுதி வாடகைக்கு இருக்கிறது 2017-ல போட்டு 2019 பிப்ரவரி 22-ல நடைமுறைக்கு வந்த சட்டம், வீட்டு ஓனர் வாடகைதாரர் உரிமை பொறுப்பு சட்டம்னு பேரு. இதுல உங்களுக்கு சாதகமும் இருக்கு பாதகமும் இருக்கு, ரெண்டையும் மறைக்காம சொல்றேன்.

சாதகம் இன்னான்னா, தண்ணியையும் கரண்டையும் நிறுத்துறது அந்த சட்டப்படி தப்பு. வாடகை பாக்கி இருந்தாலும் தப்புதான், பாக்கிக்கு வேற வழி இருக்கு. இதுக்கு ரென்ட் அத்தாரிட்டின்னு ஒரு அதிகாரி இருக்காரு, துணை கலெக்டர் அந்தஸ்துக்கு குறையாத ஆளு, அவர்கிட்ட மனு குடுத்தா விசாரணை முடியறதுக்கு முன்னாடியே தண்ணி கரண்டை திருப்பிக் குடுன்னு இடைக்கால உத்தரவு போடலாம். அதனால உங்க மனு வீடு காலி பண்றதைப் பத்தின பெரிய சண்டையா ஆரம்பிக்க வேணாம். "நாலு நாளா வீட்டுல விளக்கு இல்ல, தண்ணி இல்ல, பத்தாவது படிக்கிற பொண்ணு இருட்டுல ஒக்காந்திருக்கா, 68 வயசு மாமியார் இருக்காங்க"ன்னு அதை மட்டும் தேதி போட்டு எழுதுங்க. ஃபியூஸ் புடுங்குன போர்டு, காலி தண்ணி டேங்க் ரெண்டையும் போன்ல போட்டோ எடுத்து வையுங்க, ஓனர் போன்ல மெரட்டுன மெசேஜ் எதையும் அழிக்காதீங்க.

பாதகம் ரெண்டு. ஒண்ணு, எழுத்துல அக்ரிமென்ட் இல்ல. இந்த சட்டம் வந்த பிறகு எழுத்து ஒப்பந்தம் போட்டு பதியணும், அது இல்லைங்கிறதையே காரணமா வச்சு ஓனர் ரென்ட் கோர்ட்ல காலி பண்ணச் சொல்லி மனு போடலாம். இன்னொண்ணு அந்த ரெண்டு மாச பாக்கி. அதுவும் காலி பண்ண வைக்க ஒரு காரணம், ஆனா அவர் பாக்கி கேட்டு எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும், நோட்டீஸ் கைக்கு வந்து ஒரு மாசத்துக்குள்ள நீங்க கட்டிட்டா அந்தக் காரணம் போயிடும். அதனால அந்த 8,000-ஐ எப்படியாவது புரட்டுங்கக்கா, மகளிர் குழுவுல கேளுங்க, பாத்திரம் தேய்க்கிற வீட்டுல முன்பணமா கேளுங்க, இதுக்காக கடன் வாங்குறது தப்பில்ல. ஆனா கையில ரொக்கமா குடுக்காதீங்க. புது ஓனர்கிட்ட கிரயப் பத்திர நகலோ பழைய ஓனர் எழுதிக் குடுத்த லெட்டரோ கேளுங்க, இவர்தான் ஓனர்னு தெரிஞ்சதும் ஜிபேலயோ பேங்க்லயோ போடுங்க, எந்த மாச வாடகைன்னு எழுதி போடுங்க. வாங்க மாட்டேன்னா ரென்ட் அத்தாரிட்டிகிட்டயே வாடகையை டெபாசிட் பண்ண சட்டத்துல வழி இருக்கு.

அட்வான்ஸ் 30,000 உங்க காசு. நீங்க சட்டப்படி காலி பண்றப்ப அது உங்களுக்கு திரும்ப வரணும், பாக்கி கட்டாம இருந்தா அதைக் கழிச்சு மிச்சம் 22,000. "அதை பழைய ஓனர்கிட்ட கேளு"ன்னு புதுசு சொல்லும், "வித்துட்டேன், அவங்க கிட்ட கேளு"ன்னு பழசு சொல்லும், நம்ம ஊர்ல எத்தனை குடும்பம் இப்படி அட்வான்ஸ் போய் நடுத்தெருவுல நின்னிருக்குன்னு எனக்குத் தெரியும். இப்பவே ரெண்டு பேருக்கும் பதிவு தபால்ல ஒரு லெட்டர் போட்டுடுங்க, இத்தனாம் வருஷம் இவ்ளோ குடுத்தேன், சாட்சி இன்னாருன்னு. அடுத்த வீடு பாக்கிறப்ப இந்த சட்டப்படி வேற மாதிரி ஒப்பந்தம் இல்லைன்னா மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் கேக்கக் கூடாதுங்கிறதை சொல்லிக் கேளுங்க, 4,000 வாடகைன்னா 12,000 போதும், மிச்சம் கையில இருக்கும்.

ஒரு வேளை ஆளுங்களை கூட்டிட்டு வந்து சாமானை வெளிய தூக்கிப் போட்டாங்கன்னா, ஒடனே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் புகார் குடுத்து சிஎஸ்ஆர், அதாவது புகாரை வாங்கிக்கிட்டதுக்கான ரசீது, வாங்குங்க. "இது சிவில் மேட்டர்மா, போய் கோர்ட்ல பாத்துக்கோ"ன்னு சொல்லி அனுப்பப் பாப்பாங்க, மெரட்டுறதும் சாமானை எறியறதும் சிவில் இல்ல, ரசீது குடுக்காம எழுந்திரிக்காதீங்க. கோர்ட் ஆர்டர் இல்லாம வெளியேத்துனா திரும்ப உள்ள வர்றதுக்கு கேஸ் போடலாம், குறிப்பிட்ட பரிகார சட்டம் 6-வது பிரிவு, ஆனா ஆறு மாசத்துக்குள்ள போட்டாகணும்.

வக்கீல் ஃபீஸுக்கு எங்க போறதுன்னு நினைப்பீங்க. ஒரு ரூபா வேணாம். 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டப்படி பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்ளோ இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கு, நேரா போய் சொன்னாலே மனு எழுதித் தருவாங்க, போக முடியலன்னா 15100-க்கு போன் போடுங்க. இதை பிச்சை மாதிரி நினைச்சு கூச்சப்படறவங்க நிறைய பேரு, தயவு செஞ்சு அப்படி நினைக்காதீங்க, இது உங்களுக்காகவே சட்டத்துல எழுதி வச்சிருக்கிற உரிமை.

இப்ப அந்த 50,000 ஆளு. அவருக்கு பத்து பைசா குடுக்காதீங்க. மொதல்ல அவர் சொல்ற ஆபீசே தப்பு அக்கா, ஹவுசிங் போர்டு வேற, நம்ம ஜனங்க சிலம் போர்டுன்னு சொல்ற வாரியம் வேற. 1970-ல குடிசை மாற்று வாரியம்னு ஆரம்பிச்சது, 2021-ல நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேரு மாத்திட்டாங்க. ஏழைங்களுக்கான அடுக்குமாடி வீடு இவங்க கையிலதான். குடும்பத்துல யார் பேர்லயும் சொந்த வீடு இருக்கக் கூடாது, வருஷ வருமானம் 3 லட்சத்துக்குள்ள இருக்கணும், உங்களுக்கு ரெண்டுமே பொருந்தும். வீடு சும்மா கெடைக்காது, பயனாளி பங்குன்னு ஒரு தொகை கட்டணும், ஒவ்வொரு திட்டத்துக்கும் அது மாறும், பேங்க் லோனுக்கும் ஏற்பாடு பண்ணுவாங்க. ஆனா அந்தப் பணம் வாரியத்தோட பேர்லதான் போகும், ரசீது வரும். ஒரு ஆளு கையில ரொக்கமா குடுக்கிற பணத்துக்கும் வாரியத்துக்கும் சம்பந்தமே கிடையாது. டோக்கன்னு ஒரு துண்டுச் சீட்டை காமிச்சு ஏமாத்தி, கம்மலை வித்து பணம் குடுத்தவங்க அழுதுகிட்டே வந்து ஒக்காந்ததை நான் பாத்திருக்கேன், அந்தப் பணம் ஒருத்தருக்கும் திரும்ப வந்ததில்ல.

வாரிய வீட்டுக்கு மனுவை திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல குடுங்க, அதே மனுவோட ஒரு காப்பியை வாரிய ஆபீஸ்லயும் குடுங்க. ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று, கணவரோட இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இதெல்லாம் வேணும். இல்லாததை இ-சேவை மையத்துல இப்பவே போட்டுடுங்க. ஆதரவற்ற விதவைச் சான்றும் கேளுங்க, மாசம் 1,200 பென்ஷன் இருக்கு. மாமியாருக்கு முதியோர் பென்ஷன் வருதான்னு எழுதல, வரலன்னா அதுக்கும் தனியா ஒரு மனு.

ரெண்டாவது ஒரு வழி இலவச வீட்டுமனைப் பட்டா. டவுனுக்குள்ள எடமே இல்லைன்றதுதான் நெசம், ஆனா அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் பக்கம் உங்களுக்கு சொந்த ஊர் இருந்து அங்க ஆட்சேபனை இல்லாத புறம்போக்கு, அதாவது பட்டா குடுக்க தடை இல்லாத அரசு நிலம், இருந்தா தாசில்தாருக்கு மனு போடலாம், உங்க பேர்லயே கேளுங்க. கிராமத்துல பட்டா கெடைச்சா கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துல 3.5 லட்சம் குடுத்து 360 சதுர அடி வீடு, யூனியன் ஆபீஸ்ல விசாரிங்க. டவுன்ல சொந்த மனை இருக்கிறவங்களுக்கு பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டுத் திட்டம் 2.0 இருக்கு, 2.5 லட்சம் வரை மானியம், இந்தியாவுல எங்கயும் பக்கா வீடு இருக்கக் கூடாது. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, ஊருக்கு வெளிய வீடு கெடைச்சு தெனம் பஸ் புடிச்சு வந்து பாத்திரம் தேய்க்க முடியுமா, பீடி இலை வாங்கிட்டு போய் திரும்ப கொண்டாந்து போட முடியுமா, பையன் எந்த ஸ்கூலுக்குப் போவான். வீடு கெடைச்சும் வேலை போயிடுச்சேன்னு திரும்பி வந்து மறுபடி வாடகைக்கு அலையறவங்க இருக்காங்க. பொண்ணு பரீட்சை முடியற வரைக்கும் கொசப்பேட்டையை விட்டு நகராம இருக்க பாருங்க, அது என் அபிப்பிராயம்.

பாலாத்து ஓரம் குடிசை வேணவே வேணாம். சொந்தக்காரங்க நல்ல மனசோடதான் சொல்லியிருப்பாங்க. ஆனா ஆறு, ஏரி, கால்வாய் எடத்துக்கு எத்தனை வருஷம் இருந்தாலும் பட்டா வராது, கரண்ட் பில்லும் வீட்டு வரி ரசீதும் இருந்தாலும் வராது. 1985-ல பம்பாய் நடைபாதை ஜனங்க கேஸ்ல சுப்ரீம் கோர்ட் பொழைக்கிற உரிமையும் உயிர் வாழ்ற உரிமைக்குள்ள வரும்னு சொல்லுச்சு, அது பெரிய விஷயம், ஆனா அதே தீர்ப்பு நடைபாதையில நெரந்தரமா இருக்க உரிமை குடுக்கல. 2024 நவம்பர் 13-ல கட்டடம் இடிக்கிறதுக்கு முன்னாடி 15 நாள் நோட்டீஸ் குடுக்கணும்னு சுப்ரீம் கோர்ட் போட்ட உத்தரவைப் பாத்து நிறைய பேரு தைரியமா இருக்காங்க, அதுல ரோடு, நடைபாதை, ரயில்வே லைன் ஓரம், ஆறு நீர்நிலை இதுக்கெல்லாம் பொருந்தாதுன்னு தெளிவா எழுதியிருக்கு. சட்டத்தை விடுங்க, 2021 நவம்பர்ல பாலாத்துல வந்த வெள்ளத்தை நீங்களே பாத்திருப்பீங்க. கையில இருக்கிற காசை தகரத்துக்கும் கம்புக்கும் போட்டு அந்த எடத்துல புள்ளைங்களை படுக்க வைக்காதீங்க.

கடைசியா நீங்க கேட்டது, எங்க போய் படுக்கிறது. அந்த நிலைமை வராம தடுக்கத்தான் இவ்ளோ எழுதுனேன், ஆனா வந்துட்டா பஸ் ஸ்டாண்ட்லயோ ஸ்டேஷன்லயோ படுக்காதீங்க. டவுன்ல வீடில்லாதவங்களுக்கு தங்கும் எடம் நடத்துறது மாநகராட்சியோட பொறுப்பு. 2010-ல சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டு, அப்புறம் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்துல லட்சம் ஜனத்தொகைக்கு 100 பேர் தங்குற கணக்குல காப்பகம், வருஷம் பூரா, ராவும் பகலும் தொறந்திருக்கணும்னு விதியே போட்டாங்க. மாநகராட்சி ஆபீஸ்ல போய் "குடும்பத்தோட தங்க காப்பகம் எங்க இருக்கு"ன்னு இப்பவே கேட்டு வையுங்க. பையனுக்கு 12 வயசு ஆவுது, பொம்பளைங்க காப்பகத்துல வயசுக்கு வந்த பசங்களை சேக்க மாட்டேன்னு சொல்ற எடமும் உண்டு, அதை முன்னாடியே கேட்டுக்கோங்க, கடைசி ராத்திரி போய் வாசல்ல நிக்கிற மாதிரி வேணாம். ராத்திரி நேரத்துல பொம்பளைங்களுக்கு ஆபத்துன்னா 181, புள்ளைங்களுக்கு 1098, மாமியாருக்கு 14567. பொண்ணுக்கு மட்டும் பரீட்சை வரைக்கும் ஒரு எடம் வேணும்னா அரசு மாணவியர் விடுதியில வார்டன்கிட்ட பேசலாம், அதுவும் அவளுக்கு இஷ்டமா இருந்தா மட்டும்.

வர்ற திங்கக்கிழமை ஒரு நாள் வேலைக்கு லீவு சொல்லிட்டு, காலையில சத்துவாச்சாரியில கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துல ரெண்டு மனு குடுங்க, ஒண்ணு தண்ணி கரண்டுக்கு, ஒண்ணு வீட்டுக்கு. ரெண்டையும் ஒரே பேப்பர்ல எழுதிடாதீங்க, ஏதோ ஒரு டேபிள்ல போய் முடங்கிடும். அப்படியே கோர்ட் வளாகத்துக்கு நடந்து போய் இலவச வக்கீலுக்கு எழுதிக் குடுத்துட்டு, ரென்ட் அத்தாரிட்டி மனுவையும் அவங்க கையாலயே போட வையுங்க. மனு நம்பர் போட்ட ரசீதை பொண்ணு நோட்டுல ஒட்டி தேதி எழுதி வைக்கச் சொல்லுங்க, பதினஞ்சு நாள்ல பதில் வரலன்னா முதலமைச்சர் உதவி மையம் 1100-க்கு போன் போட்டு அந்த நம்பரை சொல்லிக் கேளுங்க, அதுக்கப்புறமும் கரண்ட் வரலன்னா அதே நம்பரோட எனக்கு மறுபடியும் எழுதுங்கக்கா.