பி.எட். வீணாகாது, டீச்சர்

அம்பையிலிருந்து ஒரு டீச்சர் கேட்டிருந்தார்: "எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வீட்டுக்காரருக்கு ஹெச்-1பி என்ற வேலை விசா, நான் அவர் மனைவியாக ஹெச்-4 விசாவில் அமெரிக்கா கிளம்புகிறேன். அங்கே இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன் படிக்கலாமாக்கா? என் பி.எட்.டும் பள்ளிக்கூட அனுபவமும் வீண்தானா?" நான் கல்லிடைக்குறிச்சிக்காரி. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில், மாணவர்களுக்குப் புரியும்படி பாடங்களை வடிவமைக்கும் இதே வேலையில் இருக்கிறேன். இப்போது ஊருக்கு வந்திருப்பதால் ஆற அமர எழுதுகிறேன்.

வீணே இல்லை டீச்சர். இந்தத் துறைக்கு மென்பொருள் தெரிந்தவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். பிள்ளைகள் முன்னால் நின்று, எந்த இடத்தில் அவர்களுக்குப் புரியாமல் போகிறது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவர்கள் குறைவு. வேலையே அதுதான். நர்சிங் பேராசிரியர் ஒருவர் மருந்தளவுக் கணக்குக்குக் கட்டுக் கட்டாக ஸ்லைடு தருவார். "இதைப் படித்து முடித்த மாணவி என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும்?" என்று கேட்பேன். "டிரிப்ஸ் எத்தனை சொட்டு வேகத்தில் போக வேண்டும் என்று கணக்குப் போட வேண்டும்" என்பார். அப்போதே பாதி ஸ்லைடு தேவையில்லாமல் போய்விடும். மீதியைப் பயிற்சிகளாக மாற்றுவோம். தேவையை அறிவது, வடிவமைப்பது, உருவாக்குவது, நடத்துவது, மதிப்பிடுவது என்று வகுப்பில் சொல்லித்தரும் ஐந்து படிகள், 1970களில் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த வேலையிலிருந்து வந்தவை. நீங்கள் பி.எட்.டில் எழுதிய பாடத்திட்டத்துக்கும் இதற்கும் ரொம்பத் தூரம் இல்லை.

எங்கே படிப்பது? புளோரிடா மாநிலம், இண்டியானா, யூட்டா மாநிலம் ஆகிய பல்கலைக்கழகங்கள் எல்லாம் இதில் பழைய, நல்ல பெயர்கள். ஆனால் உங்கள் நிலைமையில் பெயரைவிட விசாவைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஹெச்-4-இல் இருந்துகொண்டு ஆன்லைனிலோ நேரிலோ தாராளமாகப் படிக்கலாம். பட்டம் வாங்கிவிட்டதால் மட்டும் வேலை அனுமதி கிடைத்துவிடாது. வீட்டுக்காரருக்கு ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காக அவர் நிறுவனம் போடும் மனு, ஒப்புதல் ஆகியிருந்தால் நீங்கள் அதற்குத் தனியாக விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால், வேலைக்குப் போக நினைத்தால், எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறி, வளாகத்துக்குப் போய்ப் படிக்க வேண்டும். இந்தத் துறையில் முழுக்க ஆன்லைன் படிப்புகள் ஏராளம். அவற்றுக்கு எஃப்-1 கிடையாது. எஃப்-1-இல் ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடம்தான் முழுநேரக் கணக்கில் சேரும். விளம்பரத்தில் இதையெல்லாம் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள்.

இன்னொன்றையும் சேர்வதற்கு முன்பே கேளுங்கள்: பட்டத்தின் சிஐபி எண் (எந்தப் படிப்பு எந்தத் துறை என்று அமெரிக்காவில் வகைப்படுத்தும் எண்) என்ன? 13.0501 என்றால் கல்வித் தொழில்நுட்பம். அது ஸ்டெம், அதாவது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் படிப்புகளின் பட்டியலில் இருக்கிறது. எஃப்-1-இல் படித்து முடித்தபின் 12 மாத வேலை அனுமதியும், அதற்கு மேல் 24 மாத நீட்டிப்பும் கேட்கலாம். இதே பாடங்களைச் சில இடங்களில் 13.0301 என்ற எண்ணில், பாடத்திட்டமும் கற்பித்தலும் என்ற துறையின் கீழ் நடத்துகிறார்கள். அதற்கு அந்த நீட்டிப்பு இல்லை. விதிகள் அடிக்கடி மாறும், அதனால் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்திடம் எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எந்தப் பட்டமானாலும் நேர்காணலில் "நீங்கள் செய்த பாடத்தைக் காட்டுங்கள்" என்றுதான் கேட்பார்கள். அதை இங்கேயே தொடங்கிவிடலாம். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் அம்மாக்களில் பலருக்குக் கூலி வங்கிக் கணக்குக்கு வருகிறது. பணம் எடுக்க மகனையோ பேரனையோ எதிர்பார்த்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஓர் அம்மா பக்கத்தில் போய் உட்காருங்கள். மடியில் சொளகோடு இலையைச் சுருட்டி நூல் கட்டும் அந்தக் கைக்கு வேகம் பழகாத ஒன்றில்லை. அதே கை ஏடிஎம் திரையில் எந்த இடத்தில் நிற்கிறது? மொழியைத் தேர்ந்தெடுக்கும்போதா, சேமிப்புக் கணக்கா நடப்புக் கணக்கா என்று கேட்கும்போதா, ரகசிய எண்ணை அடிக்கும்போதா? அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஓர் இடத்துக்கு மட்டும் செல்போனில் பார்க்கிற மாதிரி சின்னப் பாடம் செய்யுங்கள். எழுத்து குறைவாக, நம்மூர்ப் பேச்சில் குரல் கொடுத்து. அவர்களிடமே காட்டி, மறுபடி தடுமாறும் இடத்தைத் திருத்துங்கள். உண்மையான கணக்கு எண்ணோ முகமோ படத்தில் வரவே கூடாது.

யாருக்காக, எங்கே தடுமாறினார்கள், எதை மாற்றினேன், பிறகு என்ன ஆனது என்று ஒரு பக்கம் எழுதி அந்தப் பாடத்தோடு சேர்த்து வையுங்கள். அப்புறம் அதை ஆங்கிலத்தில் செய்து, வசன வரிகளும் போட்டுவிடுங்கள். காது கேளாதவர்களுக்கும் பாடம் போய்ச்சேர வேண்டும் என்பது அங்கே சட்டம். இங்கேயும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பேன். இதற்குக் காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டாம். ஆன்லைன் வகுப்பு நடத்தும் மூடில் (Moodle) இலவசம், பாடம் உருவாக்கும் ஸ்டோரிலைனை (Storyline) சில நாள் சும்மா தருவார்கள்.

ஆடி முடியும்வரை ஊரில்தான் இருப்பேன். திரை திரையாகக் காகிதத்தில் வரைந்து எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.